காலேஜ் லைப்ரரி வீடியோ சேவை வீட்டுல திறக்க மாட்டேங்குது, யாராவது வழி சொல்லுங்க

தண்டையார்பேட்டை_பயோ · திங்கள், இரவு 9:40

எல்லாருக்கும் வணக்கம். பி.எஸ்சி பயோகெமிஸ்ட்ரி மூணாவது வருஷம் படிக்கிறேன். வடசென்னையில அரசு உதவி பெறும் காலேஜ், பேரு வேணாமே. இந்த வருஷம் எங்க லைப்ரரியில வீடியோ சேவை ஒண்ணு சந்தா கட்டி வாங்கியிருக்காங்கன்னு நோட்டீஸ் போர்டுல ஒட்டினாங்க. லேப்ல செய்யிற ஒவ்வொரு செய்முறையும் பத்து நிமிஷ வீடியோவா இருக்குமாம்.

என் பிரச்சனை நேரம்தான். காலேஜ் விட்டதும் நேரா மாமா கடைக்குப் போய் ராத்திரி 8 மணி வரைக்கும் பில் போடுவேன். லைப்ரரி 4:30க்கெல்லாம் மூடிடும். வீட்டுல போன்ல திறந்தா முதல் இருபது செகண்ட் ஓடுது, அப்புறம் டாலர்ல ஒரு விலையப் போட்டு வாங்குன்னு நிக்குது. போன வாரம் சாப்பாட்டு நேரத்துல லைப்ரரிக்குள்ளயே உக்காந்து திறந்து பாத்தேன். அங்கயும் அதே டாலர்.

அடுத்த மாசம் பிராக்டிகல். யாராவது இந்த மாதிரி சேவை பயன்படுத்தியிருக்கீங்களா?

எண்ணூர்_எக்ஸ்பிரஸ் · திங்கள், இரவு 10:05

லைப்ரரிக்குள்ள உக்காந்து பாத்தப்ப காலேஜ் வைஃபையா, உங்க சிம் டேட்டாவா?

தண்டையார்பேட்டை_பயோ · திங்கள், இரவு 10:07

என் சிம் தான் அண்ணா. வைஃபை பாஸ்வேர்டு ஸ்டாஃபுக்கு மட்டும்.

எண்ணூர்_எக்ஸ்பிரஸ் · திங்கள், இரவு 10:31

அப்ப நீங்க லைப்ரரியில உக்காந்தாலும் ஒண்ணு, மெரினாவுல உக்காந்தாலும் ஒண்ணு.

நம்ம ஏரியா பாஷையில சொல்றேன். ஹார்பர் கேட்ல லாரி நிக்கும் பாருங்க, அங்க செக்யூரிட்டி டிரைவர் மூஞ்சிய முதல்ல பாக்க மாட்டான், வண்டி நம்பர் லிஸ்ட்ல இருக்கான்னு பாப்பான். இந்த வீடியோ தளமும் அப்படித்தான். உங்க காலேஜ் நெட் கனெக்‌ஷனுக்கு மாறாத ஐபி எண் ஒண்ணு இருக்கும். சந்தா போடும்போது அந்த எண்ண கம்பெனிக்குக் குடுத்துடுவாங்க. அந்த எண்ணுல இருந்து வர்ற எல்லாருக்கும் கேட் திறக்கும், நீங்க யாருன்னே கேக்காது. உங்க போன் டேட்டாவுல போனா நீங்க வர்றது மொபைல் கம்பெனியோட வண்டி. அந்த நம்பர் லிஸ்ட்ல இல்ல. உடல் லைப்ரரியில இருந்து பிரயோஜனம் இல்ல, சிக்னல் எங்க இருந்து போகுதுங்கறதுதான் கணக்கு.

நாளைக்கு லைப்ரரி கம்ப்யூட்டர்லயே ஒரு தடவ திறந்து பாருங்க. அங்க ஓடுச்சுன்னா சந்தா உயிரோட இருக்குன்னு அர்த்தம். வெளிய இருந்து பாக்குறதுக்கு வேற வழி இருக்கும், அத அப்புறம் பாப்போம்.

காசிமேடு_கடலோடி · திங்கள், இரவு 11:12

இன்னாத்துக்கு இந்த பாடு? யூட்யூப்ல இல்லாத வீடியோவா? என்பிடெல் போட்டா ஐஐடி வாத்தியாரே வந்து பாடம் எடுக்குறார், சல்லிக்காசு கிடையாது. காலேஜுங்க இதுக்கெல்லாம் காசு கட்டுறது வேஸ்ட்டு, அந்த காசுல ரெண்டு ஃபேன் மாட்டலாம்.

வியாசர்பாடி_விரிவுரை · செவ்வாய், காலை 6:50

கடலோடி தம்பி, ஃபேன் விஷயத்துல உங்க கூட நிக்கிறேன். மத்ததுல இல்ல.

நான் விலங்கியல் எடுக்குறேன். என்பிடெல் 2003ல ஏழு ஐஐடிகளும் பெங்களூரு ஐஐஎஸ்சியும் சேர்ந்து ஆரம்பிச்சது. தியரி புரியணும்னா அதுக்கு ஈடு இல்ல, என் பசங்களுக்கு நானே லிங்க் அனுப்புவேன். ஆனா பெரும்பாலும் அது வகுப்பறைப் பாடம். வாத்தியார், பலகை, ஸ்லைடு, ஒரு மணி நேரம். இந்தப் பொண்ணு கேக்குறது வேற. திரவத்த அளந்து உறிஞ்சி எடுக்குற பைப்பெட்ட எப்படிப் பிடிக்கணும்னு கை தெரியற மாதிரி எடுத்த வீடியோ. எங்க லேப்ல நாப்பது பேருக்கு மூணு மைக்ரோபைப்பெட். நான் செஞ்சு காட்டும்போது முதல் வரிசைக்கு என் விரல் தெரியும், மூணாவது வரிசைக்கு என் முதுகு தெரியும். ரெக்கார்டு நோட்ல எல்லாருக்கும் ரிசல்ட் சரியாத்தான் இருக்கும், அது எப்படின்னு கேக்காதீங்க.

காசிமேடு_கடலோடி · செவ்வாய், காலை 7:15

முதுகு தெரியும்னு சொன்னீங்க பாருங்க, அது கரெக்டு மேடம். டிப்ளமோவுல லேத் ஒர்க் ஷாப் பூரா நான் பாத்ததும் அதான்.

தண்டையார்பேட்டை_பயோ · செவ்வாய், இரவு 9:20

அண்ணா, லைப்ரரி கம்ப்யூட்டர்ல பாத்தேன். டாலர் கேக்கல! மேல எங்க காலேஜ் பேரே வருது. ஆனா வீடியோவத் தட்டினா கறுப்பா நிக்குது, வட்டம் சுத்திக்கிட்டே இருக்கு. லைப்ரரி அண்ணா கிட்ட கேட்டேன், "நெட்ல வீடியோ எல்லாம் பிளாக் பண்ணியிருக்காங்கம்மா, பசங்க படம் பாக்குறாங்கன்னு" அப்படிங்கறார்.

வீட்டுல இருந்து திறக்க, மின் நூல் படிக்க லைப்ரரியில குடுத்த என்-லிஸ்ட் பாஸ்வேர்டு போட்டுப் பாத்தேன். அதுவும் போகல.

எண்ணூர்_எக்ஸ்பிரஸ் · செவ்வாய், இரவு 9:34

😂😂 மன்னிச்சுக்கோங்க, சிரிக்கக் கூடாது. வீடியோவுக்கு ஒரு கையால காசு கட்டி இன்னொரு கையால வீடியோவ அடைச்சு வெச்சிருக்காங்க.

நான் நெட்வொர்க் வேலையில இருக்கேன், இது நான் பாக்காத கூத்து இல்ல. காலேஜ் நெட்டுக்குக் காவல் நிக்கிற ஃபயர்வால்ல "வீடியோ" ன்னு ஒரு வகை இருக்கும், அதுல டிக் அடிச்சா எல்லா வீடியோ தளமும் மொத்தமா போயிடும். அந்த ஒரு தளத்த மட்டும் விதிவிலக்கா சேக்கணும். இதுல ஒரு நுணுக்கம் இருக்கு. பக்கம் ஒரு முகவரியில இருந்து வரும், வீடியோ கோப்பு வேற ஒரு முகவரியில இருந்து வரும். முதலாவத மட்டும் திறந்து விட்டா இப்ப உங்களுக்கு நடக்குற மாதிரி பக்கம் வரும், வட்டம் சுத்தும். எந்தெந்த முகவரின்னு கம்பெனி ஆளுங்களக் கேட்டா லிஸ்ட்டே குடுப்பாங்க. உங்க சிஸ்டம் அட்மினுக்கு அஞ்சு நிமிஷ வேலை.

என்-லிஸ்ட் பத்தி எனக்குத் தெரியல, லைப்ரரி ஆளுங்க யாராவது வாங்க.

புத்தகப்பூச்சி · புதன், காலை 10:45

நான் வடசென்னைக் கல்லூரி ஒன்றில் நூலகர். இந்தத் தங்கை படிக்கும் கல்லூரி அல்ல, ஆனாலும் படிக்கும்போது எனக்கே கொஞ்சம் உறுத்தியது.

முதலில் என்-லிஸ்ட். அது காந்திநகரில் இருக்கும் இன்ஃப்ளிப்நெட் மையம் நடத்தும் திட்டம். கல்லூரிகளுக்கு மின் இதழ்களும் மின் நூல்களும் தருவது. அதன் கடவுச்சொல் அந்தக் கதவுக்கு மட்டும்தான். வீடியோ சேவை உங்கள் கல்லூரி தனியாக வாங்கியது, அதற்குத் தனிச் சாவி. ஆண்டுக்கு ஐம்பது பேராவது என் மேசைக்கு முன்னால் வந்து இதையே கேட்பார்கள், ஆகவே தப்பு உங்களுடையது அல்ல.

வெளியிலிருந்து பார்க்க மூன்று விதமான ஏற்பாடு உண்டு. சில தளங்களில், கல்லூரி நெட்டில் இருக்கும்போதே கல்லூரி மின்னஞ்சலை வைத்து ஒரு கணக்கு தொடங்கிவிட்டால் போதும். அந்தக் கணக்கு உங்கள் கல்லூரியோடு ஒட்டிக்கொள்ளும், பிறகு வீட்டிலும் திறக்கும். சில மாதங்களுக்கு ஒருமுறை மறுபடி கல்லூரிக்குள் வந்து நுழையச் சொல்லும், அவ்வளவுதான். இரண்டாவது, தளத்தில் "உங்கள் நிறுவனம் வழியாக நுழைக" என்று ஒரு பொத்தான் இருக்கும். அதில் கல்லூரிப் பெயரைத் தேர்ந்தெடுத்தால் கல்லூரியின் நுழைவுப் பக்கத்துக்கே கூட்டிப்போகும். உங்களை அடையாளம் காட்டுவது கல்லூரி, கம்பெனிக்கு உங்கள் கடவுச்சொல் தெரியவே தெரியாது. இந்தியாவில் இதற்கான கூட்டமைப்பையும் இன்ஃப்ளிப்நெட்தான் நடத்துகிறது, பெயர் இன்ஃபெட். மூன்றாவது ப்ராக்சி. கல்லூரியில் ஒரு சர்வர் இருக்கும், நீங்கள் வீட்டிலிருந்து அதில் நுழைவீர்கள், அது உங்கள் சார்பாக உள்ளே போகும். எண்ணூர் நண்பர் சொன்ன லாரிக் கணக்கில், உங்களைக் கல்லூரி வண்டியில் ஏற்றிக்கொண்டு போவது.

உங்கள் கல்லூரி எதை வைத்திருக்கிறது என்று நூலகரிடம்தான் கேட்க வேண்டும். "வீடியோ ஓடவில்லை" என்று சொல்லாதீர்கள், அது எந்தக் காதிலும் ஏறாது. "வளாகத்துக்கு வெளியே நுழைய எது வழி, இன்ஃபெட்டா, ப்ராக்சியா?" என்று கேளுங்கள். எழுந்து உட்கார்வார்கள்.

மின்ட்_தெரு_வாசகன் · புதன், மதியம் 1:10

ஒரே நாடு ஒரே சந்தா வந்துடுச்சே, அதுல வராதா இது?

புத்தகப்பூச்சி · புதன், மதியம் 2:02

வராது. 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது, மூன்று ஆண்டுக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்கள், சுமார் 13,000 ஆய்விதழ்கள். இதழ்களுக்கான திட்டம் அது. அதுவும் மத்திய, மாநில அரசுகள் நடத்தும் நிறுவனங்களுக்கு. உதவி பெறும் கல்லூரியும் சுயநிதிக் கல்லூரியும் வேலிக்கு வெளியேதான் நிற்கின்றன.

காசிமேடு_கடலோடி · புதன், இரவு 8:40

ஒரு ஈஸி வழி சொல்றேன். லைப்ரரில வீடியோவ ஓட விட்டு ஸ்க்ரீன் ரெக்கார்டு பண்ணி, பென் டிரைவ்ல போட்டு வூட்டுக்கு எடுத்துனு போங்க. லாகினாவது ஒண்ணாவது.

புத்தகப்பூச்சி · புதன், இரவு 9:15

தயவுசெய்து வேண்டாம். இதற்கு ஒரு கதை சொல்லியாக வேண்டும்.

நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் (எந்த இடம் என்று கேட்காதீர்கள்) ஒரு மாணவர் ஏதோ மென்பொருள் போட்டு ஓர் இரவில் வீடியோக்களை வரிசையாக இறக்கிவிட்டார். கெட்ட எண்ணம் இல்லை, விடுதியில் நெட் கிடைக்காது என்பதால் செய்தது. அந்தப் பக்கம் இருந்த இயந்திரத்துக்கு அதெல்லாம் தெரியுமா? ஒரே ஐபியிலிருந்து அளவுக்கு மீறிப் போகிறது என்று கல்லூரி முழுவதையும் அடைத்துவிட்டது. மறுநாள் காலை பிஎச்.டி. மாணவியர் மூன்று பேர் என் அறை வாசலில். கம்பெனிக்கு மன்னிப்புக் கடிதம் எழுதி, விளக்கம் கொடுத்து, திறப்பதற்குள் ஒரு வாரம் போயிற்று. ஐபியை வைத்துக் கதவு திறந்தால், அடைபடும்போதும் எல்லாருக்கும் சேர்த்தே அடைபடும்.

சட்டமும் இருக்கிறது. 2012 திருத்தத்தில் பதிப்புரிமைச் சட்டத்தில் 65ஏ பிரிவைச் சேர்த்தார்கள். பதிப்புரிமையை மீறும் நோக்கத்தோடு பாதுகாப்புப் பூட்டை உடைத்தால் இரண்டு ஆண்டு வரை சிறை. ஒரு மாணவர் மேல் யாரும் வழக்குப் போட்டு நான் பார்த்ததில்லை, ஆனால் அந்த ஒரு வாரத்தை நான் மறக்கவில்லை.

காசிமேடு_கடலோடி · புதன், இரவு 9:22

சரி சார், வாபஸ்.

வியாசர்பாடி_விரிவுரை · வியாழன், காலை 7:05

சட்டம்னு சொன்னதால ஒரு சந்தேகம். வகுப்புல ப்ரொஜெக்டர்ல போட்டுக் காட்டலாமா? எங்க துறைத் தலைவர் பயப்படுறார்.

புத்தகப்பூச்சி · வியாழன், காலை 10:20

தாராளமாக. 1957 பதிப்புரிமைச் சட்டம் 52ஆம் பிரிவிலேயே கல்வி நிறுவனத்துக்கு விலக்கு உண்டு. பார்ப்பவர்கள் ஆசிரியர், மாணவர், பெற்றோர், நிறுவனத்தோடு தொடர்புடையவர் என்ற வட்டத்துக்குள் இருக்க வேண்டும். சந்தா ஒப்பந்தமும் வகுப்பில் காட்டுவதைப் பெரும்பாலும் அனுமதித்திருக்கும், அதற்குத்தானே வாங்குவதே. டிக்கெட் போட்டு வெளி ஆட்களைக் கூட்டினால் அது வேறு.

ஒன்று மட்டும் கவனியுங்கள். மாணவர் வாட்ஸ்அப் குழுவில் லிங்க் போடும்போது, மேலே முகவரிப் பட்டையில் இருப்பதை நகலெடுக்காதீர்கள். அது அன்றைய நுழைவுக்கு மட்டும் உயிரோடு இருக்கலாம், மறுநாள் செத்துவிடும். வீடியோவுக்குக் கீழே "பகிர்" அல்லது "நிலையான இணைப்பு" என்று இருக்கும், அதை எடுங்கள். ப்ராக்சி உள்ள கல்லூரி என்றால், இணைப்புக்கு முன்னால் ஒட்டும் ப்ராக்சி முகவரியோடு எடுத்தால்தான் வீட்டில் இருக்கும் பிள்ளைக்குத் திறக்கும். நாற்பது நிமிடப் படத்தில் நான்கு நிமிடம்தான் வேண்டுமென்றால் பல தளங்களில் தொடக்கமும் முடிவும் குறித்துத் துண்டாக வைத்துக்கொள்ளலாம். கோப்பு இறங்காது, இடம் மட்டும் குறித்து வைக்கும்.

பெரம்பூர்_லோகோ_தாத்தா · வியாழன், மாலை 4:48

பிள்ளைகளா, நான் ரயில்வே லோகோ பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். உங்கள் பேச்சை இரண்டு நாளாகப் படித்து வருகிறேன். எனக்கு டீசல் இஞ்சின் பற்றிய பழைய கல்விப் படங்கள் பார்க்க ஆசை. என்னைப் போன்ற வெளி ஆளுக்கு இதில் இடம் உண்டா?

புத்தகப்பூச்சி · வியாழன், மாலை 5:30

ஐயா, பல ஒப்பந்தங்களில் நேரில் வரும் வாசகருக்கு அனுமதி எழுதியிருக்கும். நூலகத்துக்கு வந்து எங்கள் கணினியில் உட்கார்ந்து பார்க்கலாம், வீட்டில் பார்க்க முடியாது. ஆனால் கல்லூரி வாசலில் காவலர் விட வேண்டுமே! பக்கத்துக் கல்லூரி முதல்வருக்கு ஒரு கடிதம் எழுதி வாருங்கள். அதுவரை ஸ்வயம் பிரபா பாருங்கள். 2017இல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி வரிசை, டிடி ஃப்ரீ டிஷ்ஷில் வரும், நெட்டே வேண்டாம். தினமும் குறைந்தது நான்கு மணி நேரம் புதிய பாடம், அதையே அன்றைக்குள் இன்னும் ஐந்து முறை மறுஒளிபரப்பு. காலையில் தூங்கிவிட்டாலும் ராத்திரி பிடிக்கலாம்.

பெரம்பூர்_லோகோ_தாத்தா · வியாழன், மாலை 5:41

மிக்க நன்றி. ஷிப்டு ஆளுக்கு ஏற்ற டிவி.

தண்டையார்பேட்டை_பயோ · சனி, இரவு 10:15

வந்துட்டேன்! கொஞ்சம் நீளமா எழுதுறேன், கோச்சுக்காதீங்க.

வெள்ளிக்கிழமை லைப்ரரியன் மேடம் கிட்ட "வளாகத்துக்கு வெளியே நுழைய இன்ஃபெட்டா ப்ராக்சியா மேடம்" னு பூச்சி சார் சொன்ன மாதிரியே கேட்டேன். நிஜமாவே கண்ணாடியக் கழட்டிட்டுப் பாத்தாங்க. "உனக்கு யாரு இதெல்லாம் சொன்னா?" னாங்க. எங்க காலேஜ் இன்ஃபெட்ல இருக்காம், ஆனா இது வரைக்கும் ஸ்டூடண்ட் ஒருத்தர் கூட ஐடி கேக்கலயாம். அவங்க சொன்ன இன்னொண்ணு எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. மாசா மாசம் எத்தனை பேர் பாத்தாங்கன்னு கம்பெனில இருந்து கணக்கு வருமாம். அதுல எங்க காலேஜுக்கு விரல் விட்டு எண்ற அளவுதான். மார்ச்சுல சந்தா புதுப்பிக்கணும்னு ஃபைல் போட்டா கமிட்டி அந்தக் கணக்கதான் முதல்ல கேக்குமாம். "யாரும் பாக்கலன்னு வெட்டிடுவாங்க, பாக்க முடியலன்னு யாரும் எழுதிக் குடுக்கல" னு சொன்னாங்க. உடனே நானும் என் ஃப்ரெண்டும் ஒரு வெள்ளத்தாள்ல எழுதி, கிளாஸ் முழுக்க கையெழுத்து வாங்கிக் குடுத்துட்டோம். ஃபயர்வால் விஷயமும் அதுலயே.

அந்த ஐடிய வாங்கிப் போட்டேன், நேத்து ராத்திரி வீட்டுல திறந்துச்சு. முதல் வீடியோ மைக்ரோபைப்பெட்.

அந்தக் கட்டைவிரல மட்டும் திரை முழுக்கக் காட்டுறாங்க. அமுக்கும்போது ரெண்டு இடத்துல நிக்கும்னு எனக்கு மூணு வருஷமா தெரியாது. நான் எப்பவும் அடி வரைக்கும் அமுக்கித்தான் உறிஞ்சுவேன். அப்படி எடுத்தா தேவைக்கு மேல வரும். முதல் தடை வரைக்கும் அமுக்கி, முனைய லேசா முக்கி, மெதுவா விடணும். வெளிய விடும்போதுதான் ரெண்டாவது தடை வரைக்கும். என் அளவு ஏன் எப்பவும் அதிகமா வந்துச்சுன்னு இப்ப புரியுது. வீட்டுல பைப்பெட் ஏது, பால்பாயிண்ட் பேனாவ வெச்சு நாலு தடவ அமுக்கிப் பாத்தேன். அம்மா என்னடி பண்றன்னு கேட்டாங்க.

அடுத்தது டிஎன்ஏவப் பிரிக்கிற அகரோஸ் ஜெல். பேசுறவங்க இங்கிலீஷ் வேகம் தாங்கல, 0.75ல வெச்சேன். பக்கத்துல அவங்க பேசுறது வரி வரியா எழுத்துல ஓடுது, எந்த வரியத் தொட்டாலும் வீடியோ அங்க போகுது. அந்த எழுத்த எடுத்து மொழிபெயர்ப்புல போட்டேன். "மாதிரியைக் கிணற்றில் ஏற்றவும்" னு வருது! 😭 ஜெல்லுல இருக்குற குழிக்கு இங்கிலீஷ்ல வெல்னு பேரு, அத கிணறுன்னு போட்டிருக்கு.

எண்ணூர்_எக்ஸ்பிரஸ் · சனி, இரவு 10:22

தண்டையார்பேட்டையில கிணத்துக்கு எங்க போறது, லாரித் தண்ணில ஏத்துங்க.

டேட்டா எவ்வளவு போச்சு? தினம் ஒன்றரை ஜிபி பேக்கா?

தண்டையார்பேட்டை_பயோ · சனி, இரவு 10:26

ஆமா அண்ணா. மூணு வீடியோ பாக்குறதுக்குள்ள பாதி காலி.

எண்ணூர்_எக்ஸ்பிரஸ் · சனி, இரவு 10:40

பல்சக்கரக் குறிய அமுக்கி தரத்த 480க்கு இறக்குங்க. தானா விட்டா சிக்னல் நல்லா இருக்கும்போது 1080க்கு ஏறிடும், ஆறு இன்ச் போனுக்கு அது எதுக்கு. செகண்டுக்கு ஒரு மெகாபிட்னு வெச்சா பத்து நிமிஷத்துக்கு 75 எம்பி. அதே 5 மெகாபிட்ல போனா 375. கட்டைவிரல் 480லயே நல்லா தெரியும்.

வியாசர்பாடி_விரிவுரை · ஞாயிறு, காலை 8:30

அம்மாடி, நீ எழுதினத எங்க துறை குரூப்ல போட்டுட்டேன், பேரு இல்லாம. பால்பாயிண்ட் பேனா யோசனைய நாளைக்கு வகுப்புல நானும் செய்யப் போறேன், நாப்பது பேர் கையிலயும் பேனா இருக்கு.

ஜெல் பத்தி வைவாவுல கேப்பாங்க, படிச்சு வெச்சுக்கோ. சாம்பிள் ஏன் குழியில மிதக்காம உக்காருதுன்னா, சாம்பிளோட கலக்குற சாயம், அதான் லோடிங் டை, அதுல கிளிசரால் இருக்கு, ஜெல்ல மூழ்க வைக்கிற பஃபர் கரைசலவிட கனம். டிஎன்ஏ எந்தப் பக்கம் ஓடும்? அதுக்கு எதிர் மின்னூட்டம், அதனால நேர்முனை பக்கம், சிவப்பு ஒயர் பக்கம். ஒயர மாத்திக் குடுத்துட்டா குழிக்குப் பின்னால ஓடி பஃபர்ல கலந்துடும், போன வருஷம் எங்க லேப்ல ஒரு பேட்ச் முழுக்க அப்படித்தான் போச்சு. மாத்திக் குடுத்தது நான்தான், பசங்க இல்ல.

தண்டையார்பேட்டை_பயோ · ஞாயிறு, காலை 9:02

தேங்க்ஸ் மேடம் 🙏 சிவப்பு ஒயர், எழுதி வெச்சுக்கிட்டேன்.

காசிமேடு_கடலோடி · ஞாயிறு, காலை 11:50

யம்மா, என் தங்கச்சியும் உன் காலேஜ் மாதிரி ஒண்ணுலதான் நர்சிங் படிக்குது. லைப்ரரில கேட்டு ஐடி வாங்கியாச்சு. அந்த நிறுவனம் தேர்ந்தெடுன்னு வர்ற பெட்டியில காலேஜ் பேரப் போட்டா "இல்லை" ன்னு வருது. சென்னைன்னு போட்டாலும் வர்ல. அரை மணி நேரமா என்னத் திட்டினு இருக்கு.

தண்டையார்பேட்டை_பயோ · ஞாயிறு, மதியம் 12:05

எனக்கும் முதல்ல வரல அண்ணா. எங்க காலேஜ் அதுல நடத்துற டிரஸ்ட்டோட பேர்ல இருந்துச்சு. போர்டுல இருக்குற பேர் இல்ல, ஃபீஸ் ரசீதுல மேல அச்சடிச்சிருக்குமே, அந்தப் பேரப் போடச் சொல்லுங்க. ஊர் கேட்டா சென்னைன்னு போடாம மெட்ராஸ்னு போட்டுப் பாருங்க.

காசிமேடு_கடலோடி · ஞாயிறு, மதியம் 12:19

மெட்ராஸ்ல இருந்துச்சு.